இராமலிங்க விலாசத்துக்குச் செல்லும் முன் ஒரு குறிப்பு

இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் ஒரே சுற்றில் அனைத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்; அவ்வாறு செய்யாமல், ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து அதன் முன் கால்மணி நேரமாவது நின்று பாருங்கள். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களில் ஒருவரான கிழவன் சேதுபதியின் காலத்தில் எழுப்பப்பட்ட இக்கட்டடத்தின் சுவர்களில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்ட ஓவியங்களில், இராமாயணக் காட்சிகளோடு, தஞ்சை மராட்டியருடன் முத்து விஜயரகுநாத சேதுபதி நடத்திய போரும், ஐரோப்பியரை அவர் வரவேற்கும் காட்சியும் இடம்பெற்றுள்ளன. முதலில் உடைகளையும் தலைப்பாகைகளையும் கவனியுங்கள். யார் எந்தத் தரப்பு என்பது அவற்றிலிருந்தே புலப்படத் தொடங்கும். வண்ணங்கள் மங்கிவருவதால், மின்னொளி வீசிப் படம் எடுப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

இங்குள்ள அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைக் காணும்போது, அவை கிடைத்த இடத்தின் பெயரைக் குறித்துக்கொள்வது மிகவும் பயன்தரும். எடுத்துக்காட்டாக, வைகை கடலில் கலக்கும் பகுதியில் உள்ள அழகன்குளத்தில் ரோமானிய நாணயங்களும், கப்பல் உருவம் கீறப்பட்ட பானை ஓடும் கிடைத்துள்ளன. அந்த ஓட்டை வெறும் உடைந்த மண்கலமாகக் கடந்துபோகிறவர், இக்கரையில் வந்து நின்ற மரக்கலத்தைப் பார்த்து ஒருவர் கீறிவைத்த கோடுகளைத் தவறவிடுகிறார். முடிந்தால் அன்று மாலையே அழகன்குளம் சென்று, அந்தக் கடற்கரையையும் நேரில் பார்த்துவிடுங்கள். கடல்தொழில் அறிந்த பெரியவர் ஒருவர் உடன் வந்தால் இன்னும் நல்லது.