கோன் ஃபில்டர் போட்டால் பிக்கப் ஏறுமா? ஏர் இன்டேக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பாகத் தொங்கும் கோன் ஃபில்டர் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. கூடவே ஒரு அலுமினியக் குழாய், இரண்டு கிளாம்ப். டப்பாவின் மேல் "பவர் 10 சதவீதம் கூடும், மைலேஜும் கூடும்" என்று அச்சிட்டிருப்பார்கள். இன்ஜினுக்குள் காற்று அதிகமாகப் போனால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம், அதனால் பவர் கூடும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வண்டியில் காற்றைத் தடுத்துக்கொண்டிருப்பது அந்த ஃபில்டர்தானா என்று யாரும் பார்ப்பதில்லை. பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் மெல்லிய டியூப் போதும். ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திறந்து காற்றை விடும் தகடு) நடுவில் உள்ள குழாயிலிருந்து ஒரு டியூபை இழுத்து, காருக்குள் U வடிவத்தில் வளைத்து, பாதி வரைக்கும் கலர் தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்கேலோடு சேர்த்துக் கட்டுங்கள். காலியான ரோட்டில் ஃபுல் த்ராட்டில் கொடுத்து, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) உச்சத்துக்குப் போகும்போது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டும் (ஓட்டுபவர் ரோட்டைப் பார்த்தால் போதும்). காற்று மண்டலத்தின் அழுத்தம் சுமார் பத்து மீட்டர் தண்ணீருக்குச் சமம். அப்படியென்றால் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் நூற்றில் ஒரு பங்கு. நல்ல நிலையில் உள்ள பேப்பர் ஃபில்டரால் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதத்தோடு நின்றுவிடும். ஃபில்டரையே கழற்றி வீசினாலும் அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. எண்பது குதிரைத்திறன் உள்ள 1.2 லிட்டர் காரில் அது ஒன்று, ஒன்றரை குதிரைத்திறன், அதுவும் ஃபுல் த்ராட்டிலில் உச்ச ஆர்பிஎம்மில் மட்டும். அண்ணா சாலை டிராஃபிக்கில் அந்த ஆர்பிஎம்மை எங்கே பார்க்கப் போகிறீர்கள்?

மைலேஜ் கதை இதைவிட மோசம். பெட்ரோல் இன்ஜினில் நீங்கள் சாதாரணமாக ஓட்டும்போது த்ராட்டில் தகடு முக்கால்வாசி மூடியேதான் இருக்கும். காற்றைத் தடுக்கிற ஆள் அதுதான், அதுவும் வேண்டுமென்றே. அதைத் தாண்டி சிலிண்டருக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் பல சமயம் வெளி அழுத்தத்தில் பாதிதான் இருக்கும். இந்த நிலையில் ஃபில்டரில் ஒரு சதவீதத் தடையைக் குறைத்தால், அதே வேகத்தில் போவதற்கு உங்கள் கால் ஆக்சிலரேட்டரை ஒரு நூல் குறைவாக அழுத்தும், அவ்வளவுதான். எரியும் பெட்ரோல் அதேதான். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்துச் சோதித்தது. கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் உள்ள புதிய கார்களில் அடைத்த ஃபில்டரை மாற்றியதால் மைலேஜ் சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை, வேகமெடுப்பது மட்டும் மேம்பட்டது. மைலேஜில் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது பழைய கார்புரேட்டர் காரில்தான். நன்றாக அடைத்துப்போன ஃபில்டரை மாற்றினாலே இதுதான் நிலைமை என்றால், சுத்தமான ஃபில்டரை எடுத்துவிட்டுக் கோன் மாட்டி என்ன கிடைக்கும்?

"நான் போட்டேன் ப்ரோ, வண்டி பறக்குது" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஃபில்டர் உட்காரும் பிளாஸ்டிக் பெட்டியான ஏர் பாக்ஸைக் கழற்றினால் காற்றை உறிஞ்சும் சத்தம் நேரே காதுக்கு வரும், அந்த உறுமலைத்தான் உடம்பு வேகம் என்று எடுத்துக்கொள்ளும். சத்தம் பிடித்திருக்கிறது, அதற்காகத்தான் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் எனக்கு அதில் எந்தச் சண்டையும் இல்லை. டைனோ ஷீட்டை (பவரை அளக்கும் மெஷின் தரும் தாள்) காட்டுபவர்களிடம் மட்டும் ஒன்று கேளுங்கள்: பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய ஃபேன் ஓடவிட்டு எடுத்ததா? ஒரே வண்டியை எதையும் மாற்றாமல் அடுத்தடுத்து ஓட்டினாலே ஓரிரு சதவீதம் ஏறி இறங்கும்.

பானெட் என்றதும் சொல்ல வேண்டியது, வெப்பம். கம்பெனி ஏர் பாக்ஸ் பெரும்பாலும் கிரில்லுக்குப் பக்கத்திலிருந்தோ ஃபெண்டர் ஓரத்திலிருந்தோ வெளிக்காற்றை எடுக்கும். மலிவான கிட்டில் கோன் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே திறந்தபடி உட்கார்ந்திருக்கும். மே மாத வெயிலில் வெளியே 40 டிகிரி, டிராஃபிக்கில் பானெட்டுக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இந்த 25 டிகிரி வித்தியாசத்துக்கு அடர்த்தி சுமார் ஏழு சதவீதம் குறையும். ஒன்றரை சதவீதம் சம்பாதிக்கப் போய் ஏழு சதவீதத்தைக் கோட்டை விடுகிற வேலை இது. கிட்டின் பெயர் என்னவோ "கோல்டு ஏர் இன்டேக்", அதாவது குளிர்ந்த காற்றை இழுப்பது!

சரி, வெப்பத்தைத் தவிர்க்கக் குழாயை நீட்டி பம்பருக்குக் கீழே கொண்டுபோய் வைப்பவர்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் அதைச் செய்ய எப்படித்தான் மனசு வருகிறதோ. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும், ஹைட்ரோலாக் என்பது அதுதான். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவரைத் தனியாக எடுத்திருக்காவிட்டால் சாதாரண இன்சூரன்ஸில் இதற்குப் பணம் வராது. எடுத்திருந்தாலும், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி கிளெய்மை மறுக்கலாம்.

பைக்கில் ஏர் பாக்ஸைத் தூக்குவது இன்னும் தப்பு. ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் காற்றைத் தொடர்ச்சியாக இழுப்பதில்லை, விட்டு விட்டு இழுக்கிறது. சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த பிளாஸ்டிக் பெட்டி ஒவ்வொரு இழுப்புக்கும் தேவையான காற்றை அமைதியாகத் தயார் வைத்திருக்கும் இடம். அதன் கொள்ளளவும் குழாயின் நீளமும் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை வரும்படி கணக்குப் பார்த்து வைத்தவை. எடுத்துவிட்டால் மேல் ஆர்பிஎம்மில் கொஞ்சம் கிடைத்தாலும் கிடைக்கலாம், சிக்னலில் கிளப்பும்போது வண்டி தடுமாறும். கார்புரேட்டர் வண்டியென்றால் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டையும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் கலவை லீன் ஆகி (காற்றுக்குத் தேவையான பெட்ரோல் இல்லாமல்), த்ராட்டிலை விடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும், பிளக் வெளுத்துப்போகும், அப்படியே நெடுந்தூரம் ஓட்டினால் பிஸ்டனுக்கு ஆபத்து. ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அதில் காற்று பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகிறது. ஃபில்டர் விடும் தூசி பிஸ்டன், ரிங்கோடு நிற்காது, கிராங்க் பேரிங்கையும் தின்னும்.

தூசியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நம் ரோட்டுப் புழுதியில் பெரும்பங்கு மணல், அதாவது சிலிக்கா. அது பல வகை இரும்பைவிடக் கடினமானது. ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான், அதே அளவுள்ள துகள் உள்ளே போனால் சிலிண்டர் சுவரை உரசிக்கொண்டே இருக்கும். "நிறையக் காற்று விடுகிறது" என்று பெருமையாகச் சொல்லும் மலிவு ஃபில்டர் பல சமயம் ஓட்டை பெரிதாக இருப்பதால்தான் விடுகிறது. டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாக வெளிச்சம் நேரே தெரிந்தால் அதன் வழியாக மண்ணும் போகும். நல்ல கம்பெனி காட்டன் ஃபில்டர் வேறு ரகம், அதற்கு ஆயில் பூச வேண்டும். ஆனால் அளவுக்கு மேல் பூசினால், டீசல் கார்களில் அதிகம் இருக்கும், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரில் அந்த ஆயில் படிந்து அளவு தப்பாகும்.

அப்புறம் சில பொருட்கள் இருக்கின்றன, அவற்றுக்கு அதிக நேரம் வேண்டாம். குழாய்க்குள் காற்றைச் சுழற்றிவிடும் தகடு: வழியில் கூடுதலாக ஒரு தடை. இன்டேக் டெம்பரேச்சர் சென்சாரில் மாட்டும் ரெசிஸ்டர், "பவர் சிப்" என்று விற்பது: காற்று குளிர்ச்சியாக இருக்கிறது என்று இசியூவை (இன்ஜினின் கம்ப்யூட்டர்) ஏமாற்றி பெட்ரோலைக் கூட்டும், ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துத் திரும்பக் குறைக்கும். எலெக்ட்ரிக் டர்போ என்ற பெயரில் வரும் ஃபேன்: 1.2 லிட்டர் இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு மூவாயிரம் லிட்டருக்கு மேல் காற்றைக் குடிக்கிறது, அதை வெளிக்காற்றைவிட 0.3 பார் கூடுதல் அழுத்தத்துக்கு ஏற்ற இரண்டு மூன்று கிலோவாட் வேண்டும். 12 வோல்ட்டில் பத்து ஆம்பியர் இழுக்கும் ஃபேன் கொடுப்பது 120 வாட். ஆடி 2016-ல் எஸ்க்யூ7 காரில் நிஜமாகவே எலெக்ட்ரிக் கம்ப்ரெசர் வைத்தபோது, 7 கிலோவாட் வரை எடுக்கும் அதற்காகத் தனியாக 48 வோல்ட் சர்க்யூட் போட வேண்டியிருந்தது.

இன்டேக் மாற்றம் எப்போதுமே வீண் என்று சொல்லவில்லை. டர்போ காரை ரீமேப் செய்து (இசியூவின் புரோகிராமை மாற்றி) முப்பது நாற்பது குதிரைத்திறன் ஏற்றினால், வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை மாற்றி ரேஸுக்கு இறக்கினால், இன்ஜின் கேட்கும் காற்று கூடும், அப்போது பழைய பெட்டி பத்தாமல் போகலாம். அந்த U டியூபே அதையும் சொல்லிவிடும். மற்றபடி பிக்கப் குறைந்ததாகத் தோன்றினால் முதலில் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அடைத்திருந்தால் கம்பெனி ஃபில்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். கம்ப்ரெசர் காற்றைப் பக்கத்தில் வைத்து ஊதிப் பேப்பரைக் கிழிப்பதும், தண்ணீரில் அலசிக் காயவைப்பதும் வேண்டாம். பல பைக்குகளில் வரும் ஆயில் தோய்ந்த பேப்பர் ஃபில்டரை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாயில் விரிசல் இருக்கிறதா, கிளாம்ப் இறுக்கமா, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, டயரில் காற்று இருக்கிறதா, பிளக் எப்படி, கிளட்ச் நழுவுகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ஏற்கெனவே கோன் மாட்டிவிட்டவர்கள் கழற்றிய ஏர் பாக்ஸைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வாரண்டி வேலைக்குப் போகும்போதும் வண்டியை விற்கும்போதும் அதைத்தான் தேடுவீர்கள், தனியாக வாங்கப் போனால் கோன் ஃபில்டரைவிட விலை அதிகம்.