புதிய பியானோ பீஸ் பழகுவது எப்படி: முதலில் பென்சில், அப்புறம் விரல்

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் வீட்டில் கீபோர்டில் பழகிவிட்டு, பியானோவைப் பாடசாலையிலோ சர்ச்சிலோ மட்டும் தொடக் கிடைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல வருடம் வாசித்தவர்கள் புதிய பீஸைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதற்கு விரல் வேகம் முக்கிய காரணமல்ல. நாம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் இடத்தில் அவர்கள் முழுச் சொல்லாக வாசிக்கிறார்கள். வரிசையாக நாலு ஸ்வரம் வந்தால் அவர்களுக்கு அது ஒரு ஸ்கேல் (படிப்படியாக ஏறி இறங்கும் ஸ்வர வரிசை) துண்டு, அவ்வளவுதான். இந்தப் பார்வையைத் தொடக்கத்திலேயே பழகலாம்.

1. கீபோர்டைத் தொடாமல் தாளைப் பாருங்கள்

ஜி மேஜர் (ஜி-யை ஆதார ஸ்வரமாகக் கொண்ட ஸ்கேல்) மினுவெட்டை, அதாவது மூன்றடித் தாளத்தில் வரும் ஒரு நடன இசையை, எடுப்போம். இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் மனைவி அன்னா மக்தலேனா பாக் 1725-இல் தொடங்கிய குறிப்பேட்டில் உள்ளது. பாக் பெயரில் பரவியிருந்தாலும் இயற்றியவர் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட். மொத்தம் 32 பார் (தாளில் இரண்டு நெடுங்கோடுகளுக்கு இடையே உள்ள ஒரு கட்டம்). 61 கீ கீபோர்டே போதும்.

வலது கையை மட்டும் பாருங்கள். 1, 3, 5, 6, 7 ஆகிய பார்கள் எல்லாவற்றிலும் ஒரே தாளம்: ஒரு நெடில், நாலு குறில். 5-ஆம் பாரில் சி, டி, சி, பி, ஏ. அதை அப்படியே ஒரு ஸ்வரம் கீழே இறக்கினால் 6-ஆம் பார்: பி, சி, பி, ஏ, ஜி. இன்னும் பெரிய லாபம் ஒன்று உண்டு. 9 முதல் 14 வரையான பார்கள் 1 முதல் 6 வரை வந்தவையேதான். ஆக, முதல் 16 பாரில் வலது கைக்குப் புதிதாகப் பழக 10 பார்தான் மிச்சம். ஒரே மாதிரி வருவதையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள்.

2. விரல் எண்களை எழுதுங்கள்

பெருவிரல் ஜி-யில், சுண்டுவிரல் மேல் டி-யில். முதல் இரண்டு பாருக்குக் கை நகரவே வேண்டாம். ஒருமுறை எழுதிய விரலைத் தினமும் மாற்றாதீர்கள். மாற்றினால் பழகியது நிற்காது.

3. இரண்டிரண்டு பாராக, மெதுவாக

ஒவ்வொரு கையாகப் பழகி, பிறகு சேருங்கள். தடுக்கும் பாரிலிருந்தே தொடங்குங்கள், ஆரம்பத்திலிருந்து அல்ல. நுவரெலியாக் குளிரில் விரல் விறைத்திருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கை நனைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் வெகுநேரம் இருப்பதைவிடத் தினமும் கொஞ்சம் வாசிப்பது நல்லது. தூங்கி எழுந்த பிறகு நேற்றுப் பழகியது இன்னும் உறுதியாக இருக்கும்.

4. அடுத்த பீஸைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

சர்ச்சில் பாமாலை வாசிப்பவர்களுக்குப் புதிய பாமாலை சீக்கிரம் வந்துவிடும், ஏனென்றால் அதே கோர்ட்கள் (ஒன்றாக அழுத்தும் ஸ்வரக் கூட்டங்கள்) திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்களே இந்த மினுவெட்டில், இரண்டு கையும் தனித்தனி வழியில் போகும்போது, தடுமாறலாம். அனுபவம் வாசித்த வகையோடு ஒட்டியது. திறமை குறைந்துவிட்டதோ என்று அப்போது மனம் தளர வேண்டாம். அடுத்ததும் ஜி மேஜரிலேயே, இதே 3/4 தாளத்தில் எடுங்கள். வட்டமிட்ட துண்டுகளில் சில அங்கேயும் எதிர்ப்படும். அவற்றை மறுபடி பழக வேண்டியதில்லை.