யுனிவர்சல் வருகிறது என்று பெட்ஃபர்டில் வீடு வாங்கும் முன்

யுனிவர்சல் தீம் பார்க் லண்டனுக்கு வடக்கே இருக்கும் பெட்ஃபர்டுக்கு வருகிறது என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். பெட்ஃபர்டை ஒட்டிய கெம்ப்ஸ்டனில் குடியிருக்கும் எனக்கு அன்று முதல் சொந்தக்காரர்களிடையே திடீர் மவுசு. லண்டனில் ஹாரோவிலிருந்து அத்தான், ஈஸ்ட் ஹாமிலிருந்து சித்தி மகன் என்று எல்லோருக்கும் ஒரே கேள்வி: "இப்போதே ஒரு வீடு வாங்கிப் போட்டால் என்ன?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைக்கிறேன்.

முதலில் அந்த ஆசையின் விலையைக் கணக்குப் போடுங்கள். இங்கிலாந்தில் சொந்த வீடு வைத்திருப்பவர் இரண்டாவது வீடு வாங்கினால், வாங்கும்போது அரசுக்குக் கட்டும் ஸ்டாம்ப் டியூட்டி வரியில் வழக்கமான தொகைக்கு மேல் 5 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். 3,00,000 பவுண்டு வீட்டுக்கு மற்றவர் 5,000 கட்டுவார். நீங்கள் 20,000 கட்டுவீர்கள். பார்க் திறப்பது 2031-இல்தான். அதுவரை வட்டி, பழுதுபார்ப்பு, குடித்தனக்காரர் இல்லாத மாதங்கள் எல்லாம் உங்கள் தலையில். இதற்கும் அசராதவர்கள் மேலே படிக்கலாம்.

அடுத்தது வரைபடம். 'யுனிவர்சலுக்கு அருகில்' என்று விளம்பரத்தில் போடுவதற்கு யாரும் தூரம் அளப்பதில்லை. ஊரின் வடகோடியில் இருக்கும் வீட்டுக்கும் அந்த வாசகத்தை ஒட்டிவிடுகிறார்கள். பார்க்குக்கான 476 ஏக்கரும் ஊருக்குத் தெற்கே, கெம்ப்ஸ்டன் ஹார்ட்விக், ஸ்டுவார்ட்பி பக்கம், பழைய செங்கல் சூளை நிலத்தில் இருக்கிறது. (1950-களில் அந்தச் சூளைகளுக்கு இத்தாலியிலிருந்து ஆள் சேர்த்தார்கள். இன்றும் பெட்ஃபர்டில் நல்ல காபி கிடைக்கிறதென்றால் அவர்கள் புண்ணியம்.) வரைபடத்தில் மேனர் ரோட்டைக் கண்டுபிடியுங்கள். பிறகு நேரில் போய் அங்கிருக்கும் ரயில்வே கேட்டின் அருகே நில்லுங்கள். பக்கத்திலேயே கெம்ப்ஸ்டன் ஹார்ட்விக் நிலையம்: குட்டையான நடைமேடைகள், மணிக்கு ஒன்று என்ற கணக்கில் சின்ன ரயில், டிக்கெட் கொடுக்க ஆள் கிடையாது. முதல் ஆண்டிலேயே 85 லட்சம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கும் இடத்துக்கு இன்றைய ரயில் வாசல் இதுதான். கேட் மூடியிருக்கும்போது காருக்குப் பின்னால் கார் நிற்பதைப் பார்த்தால், எந்தத் தெருவில் வீடு வேண்டாம் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

போக்குவரத்துதான் இதில் முக்கியம். சொல்லப்படும் திட்டங்களை ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு பணம், வேறு காலம். ஏ421 நெடுஞ்சாலையிலிருந்து பார்க்குக்கு இணைப்புச் சாலைகள் போடுவது ஒன்று. பெட்ஃபர்டுக்குத் தெற்கே புதிதாக எழுந்த விக்ஸம்ஸ் ஊருக்கு, லண்டன் செல்லும் முதன்மை ரயில் பாதையில் ஒரு நிலையத்தைக் கட்டி, அதை நான்கு நடைமேடைகளாக விரிப்பது இன்னொன்று. ஆக்ஸ்ஃபர்டையும் கேம்பிரிட்ஜையும் இணைக்கும் ஈஸ்ட் வெஸ்ட் ரயில், ஸ்டுவார்ட்பி பக்கம் நின்று செல்வது மூன்றாவது.

இவற்றில் விக்ஸம்ஸின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் முன்பணம் கொடுக்கக் கூடாது. அங்கே 2000-களின் இறுதியிலேயே மக்கள் குடியேறத் தொடங்கிவிட்டார்கள். ஊரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ரயில் நிலையம் 2015-க்குள் வந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு கடந்து பத்து வருடங்கள் ஆன பிறகும் கட்டுமானத்தில்தான் இருந்தது. குழந்தையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு குடிவந்தவர்கள், அந்தப் பிள்ளை பெரிய வகுப்புக்குப் போன பிறகும் காரில்தான் பெட்ஃபர்டு நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது பார்க்கின் பெயரால் வேகம் கூடியிருப்பது உண்மை, நல்லதும்கூட. ஆனாலும் என் விதி ஒன்றுதான்: இன்று ஏறக்கூடிய ரயிலுக்கு மட்டும் விலை கொடுங்கள். பெட்ஃபர்டு நிலையத்திலிருந்து லண்டன் செயின்ட் பான்க்ரஸுக்கு வேக ரயிலில் சுமார் 40 நிமிடம். நின்று நின்று போகும் தேம்ஸ்லிங்க் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பார்க் தாமதமானாலும் இது மாறாது.

அந்த நிலையத்துக்கு அருகிலேயே வாங்குவதிலும் ஒரு கண்ணி உண்டு. நிலையத்துக்கு வடக்கே, கவிஞர்களின் பெயர் வைத்த தெருக்கள் கொண்ட பகுதியில், ஈஸ்ட் வெஸ்ட் ரயிலுக்காகக் கூடுதல் தண்டவாளம் போடச் சில வீடுகளை இடிக்கும் யோசனை பல ஆண்டுகளாக இருக்கிறது. அங்கே விலை மலிவாகத் தெரிந்தால், ரயில் நிறுவனம் வெளியிட்ட பாதை வரைபடத்தில் வீட்டு எண் வரை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வாடகை வருமானக் கனவு காண்பவர்களுக்கு: அரசு சொல்லும் 28,000 வேலைகளில் சுமார் 20,000 கட்டுமானக் காலத்தோடு முடிபவை. திறந்த பிறகு சுமார் 8,000. அவர்களிலும் 80 சதவீதம் பேர் பெட்ஃபர்டு, மத்திய பெட்ஃபர்டுஷயர், லூட்டன், மில்டன் கீன்ஸ் பகுதிகளிலிருந்தே வருவார்கள் என்பது அரசின் எதிர்பார்ப்பு. அதாவது பெரும்பாலானோருக்கு ஏற்கெனவே இங்கே ஒரு கூரை இருக்கிறது. தொழிலாளர்களுக்கு அறை அறையாக விடலாம் என்றால், உறவில்லாத ஐந்து பேர் சமையலறையைப் பகிர்ந்தாலே கவுன்சிலின் (உள்ளாட்சியின்) உரிமம் கட்டாயம். "அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்" என்று சொல்லும் உறவினரிடம் யோசனை கேட்காதீர்கள்.

வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் சொலிசிட்டரிடம், நிலத்தின் பழைய பயன்பாட்டையும் மாசையும் சோதிக்கும் சுற்றுச்சூழல் தேடலைத் தவிர்க்கச் சொல்லிப் பணம் மிச்சம் பிடிக்கவே வேண்டாம். செங்கலுக்காகக் களிமண் தோண்டிய பள்ளங்கள் இந்த வட்டாரம் முழுக்க உண்டு. சில ஏரியாகிவிட்டன, சிலவற்றில் குப்பை கொட்டி மூடியிருக்கிறார்கள். விக்ஸம்ஸ் எழுந்த நிலத்தில் இரண்டாம் உலகப் போரின்போது குண்டுகளுக்கு வெடிமருந்து நிரப்பிய எல்ஸ்டோ ஆலை இருந்தது. ஸ்டுவார்ட்பிக்கு அருகில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஓடுகிறது. இதனாலேயே வீடு ஆகாது என்றில்லை. அறிக்கையைப் படித்துவிட்டு விலை பேசலாம். புதுக் குடியிருப்பு என்றால், முழு உரிமையாக (ஃப்ரீஹோல்டு) வாங்கினாலும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் உண்டா, சாலையைப் பராமரிக்கும் பொறுப்பைக் கவுன்சில் ஏற்றுக்கொண்டதா என்று எழுத்தில் கேளுங்கள்.

பார்க்குக்கான அனுமதி 2025 டிசம்பரில் மத்திய அரசின் சிறப்பு ஆணையாக வந்தது. வழக்கம்போலக் கவுன்சில் கொடுத்ததல்ல. ஆகவே கவுன்சில் தளத்தில் மட்டும் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அரசுத் தளத்தில் ஆவணங்களை எடுத்து, போக்குவரத்து அறிக்கையில் கோடை விடுமுறைச் சனிக்கிழமையை எப்படிக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பார்க்கின் கட்டுமானங்களின் உயரம் 115 மீட்டர் வரை போகலாம் என்பதால், மாடி ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் கேள்விதான்.

ஏற்கெனவே இங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2026 மே 1 முதல் புதிய வாடகைதாரர் சட்டப்படி, காரணம் சொல்லாமல் காலிசெய்யச் சொல்ல முடியாது. வாடகையை ஆண்டுக்கு ஒருமுறைதான் ஏற்றலாம், அதுவும் இரண்டு மாத முன்னறிவிப்புடன். "பார்க் வருகிறது, ஊரே ஏறிவிட்டது" என்று தாறுமாறாகக் கேட்டால் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். வீட்டுக்காரர் கேட்ட தொகைக்கு மேல் அங்கே நிர்ணயிக்க மாட்டார்கள்.