டிஸ்டிலரிக்கு ஸ்டீம், கரண்ட் ரெண்டும் ஒரே பாய்லர்ல: கணக்கை எங்க ஆரம்பிக்கிறது

மொரீஷியஸ்ல கரும்புச் சக்கையை எரிச்சு கரண்ட் விக்கிறது பழைய கதை, 1957லயே சேன்ட் அந்துவான் ஆலை கிரிட்டுக்குக் கொடுத்துடுச்சு. இப்ப லா பராக்ல சர்க்கரை, கரண்ட், எத்தனால் மூணும் ஒரே வளாகத்துல. அதைப் பாத்துட்டு நம்மாளுங்க நிறைய பேர் கேக்குற முதல் கேள்வி "எத்தனை மெகாவாட் கிடைக்கும்"ங்கிறதுதான். கேள்வியே தப்புங்க, முதல்ல டிஸ்டிலேஷன் காலம் (column, ஆல்கஹாலைப் பிரிக்கிற கோபுரம்) மணிக்கு எத்தனை டன் ஸ்டீம் குடிக்குதுன்னு பாருங்க.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு நாளைக்கு 60,000 லிட்டர் ஆல்கஹால்னா மணிக்கு 2,500 லிட்டர், லிட்டருக்கு 2.5 கிலோ ஸ்டீம்னு வச்சா மணிக்கு ஆறேகால் டன். காலமுக்கு 3 பார் போதும். பாய்லர்ல 42 பார், 400 டிகிரில எடுத்து பேக் பிரஷர் டர்பைன் (வெளிய வர்ற ஸ்டீமையும் வேலைக்கு எடுத்துக்கற வகை) வழியா 3 பாருக்கு இறக்கினா போற வழியில சுமாரா 600 கிலோவாட் கிடைக்கும். அதே ஸ்டீமை பிரஷர் குறைக்கிற வால்வு வழியா விட்டா ஒரு யூனிட் கூட வராது, சத்தம் மட்டும்தான் வரும். கண்டென்சிங் டர்பைன் (வெளிய வர்ற ஸ்டீமை குளிரவச்சு தண்ணியாக்குற வகை) போட்டா கரண்ட் கூடும், ஆனா எக்ஸாஸ்ட் சூடெல்லாம் கூலிங் டவர்ல போயிடும், அதனால காலமுக்கு வேண்டிய ஸ்டீமை டர்பைன் நடுவுல இருந்தே எக்ஸ்ட்ராக்‌ஷன்ல எடுத்தாகணும்.

டர்பைன்ல இருந்து வர்ற ஸ்டீம் 165 டிகிரிக்கு மேல இருக்கும், 3 பாருக்கு வேண்டியது 133தான். நடுவுல தண்ணி ஸ்ப்ரே பண்ணி இறக்கலேன்னா ரீபாய்லர்ல (காலம் அடியில இருக்கிற, ஸ்டீம் சூட்டை டியூப் வழியா ஏத்துற கருவி) சூடு சரியா ஏறாது. அந்த பிரஷர் குறைக்கிற வால்வைக் கழட்டிடாதீங்க, பைபாஸ்ல ரெடியா இருக்கட்டும், டர்பைன் ட்ரிப் ஆனா காலம் நிக்கக் கூடாதுல்ல.

ஸ்டீமை நேரா காலமுக்குள்ள விடாம ரீபாய்லர் போடுங்க. நேரா விட்டா கண்டென்சேட் (ஸ்டீம் குளிர்ந்து வர்ற தண்ணி) பாய்லருக்குத் திரும்பாது, வினாஸ் (ஆல்கஹாலைப் பிரிச்சப்பறம் மிஞ்சுற கழிவு நீர், நம்ம ஊர்ல ஸ்பென்ட் வாஷ்னு சொல்றோமே அதுதான்) வேற பெருகும். ஆனா ரீபாய்லர் டியூப்ல ஓட்டை விழுந்தா வாஷ் (காலம்ல இருக்கிற புளிச்ச திரவம்) கண்டென்சேட்ல கலந்து பாய்லருக்கே போயிடும். நான் முன்னாடி இருந்த ஒரு ஆலையில ரெண்டு ஷிஃப்ட் யாரும் சாம்பிள் பாக்கல, பாய்லர் டிரம் தண்ணி டீ கலர்ல வந்தப்பறம்தான் ஓடினாங்க, மூணு நாள் உற்பத்தி அம்போ. டெஸ்ட் ரொம்ப சிம்பிள், கண்டென்சேட்ல ஆல்ஃபா நாப்தால் ரெண்டு சொட்டு, அப்புறம் சல்ஃப்யூரிக் ஆசிட்டை டியூப் ஓரமா மெதுவா இறக்குங்க (கண்ணாடி, கையுறை கட்டாயம்), ஊதா வளையம் தெரிஞ்சா சர்க்கரை இருக்கு, உடனே அந்த லைனை டிரெயினுக்குத் திருப்பிடுங்க.

எரிபொருள் விஷயம். மொரீஷியஸ்ல கூப் (கரும்பு வெட்டு சீசன்) ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும்தான், மொலாசஸை (சர்க்கரை எடுத்தப்பறம் மிஞ்சுற பாகு) டேங்க்ல வச்சு டிஸ்டிலரியை அப்புறமும் ஓட்டலாம், ஆனா சக்கை தீர்ந்துடும். இங்க அப்ப நிலக்கரிதான் போடுறாங்க, எனக்கு அது பிடிக்கல. வினாஸை டைஜெஸ்டர்ல விட்டு பயோகேஸ் எடுத்தா கொஞ்சம் ஈடுகட்டலாம். வினாஸைக் கெட்டியாக்கி கரும்புக்கு உரமா போடப் போறீங்கன்னா அந்த எவாப்பரேட்டருக்கும் ஸ்டீம் வேணும், டர்பைன் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே அந்த டன்னையும் கணக்குல சேத்துடுங்க.