கையில் கிடைத்த கல் புதைபடிவமா? பார்த்தே கண்டுபிடிக்க

முதலில் பாறையைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல், மணற்கல், களிப்பாறை போன்ற படிவுப் பாறைகளில்தான் தேட வேண்டும். கிரானைட்டில் தேடுவது வீண். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும்.

அதிகம் குழப்புவது சிப்பிகள்தான். இரட்டை ஓட்டுச் சிப்பியில் இரு ஓடுகளும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். ஆனால் ஒற்றை ஓட்டை நடுவே பிரித்தால் இரு பாதியும் ஒத்துப்போகாது. சிப்பி போலவே இரண்டு ஓடுள்ள வேறொரு கடல் உயிரியான பிராக்கியோபாடில் இது அப்படியே தலைகீழ்: ஒரு ஓட்டின் இடமும் வலமும் ஒத்திருக்கும், மேல் ஓடும் கீழ் ஓடும் வேறுபடும். கிளிஞ்சல் வகைகளில் சில இந்த விதியை மீறும், அதனால் உடைந்த துண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

சுருள் ஒரே தளத்தில் தட்டையாக இருந்து, மேலே இலை விளிம்பு போல நெளிந்த கோடுகள் ஓடினால் அம்மோனைட் (கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடல் உயிரி). கூம்பாக மேலெழுந்தால் நத்தை. துப்பாக்கித் தோட்டா வடிவக் கல்லின் உடைந்த முனையில், மையத்திலிருந்து சைக்கிள் கம்பிகள் போலப் படிகங்கள் விரிந்தால் பெலம்னைட் (கணவாய் போன்ற, அழிந்துபோன கடல் உயிரி). கல்மரத்தில் (கல்லாக மாறிய மரம்) மர நார், சில சமயம் வளர்ச்சி வளையங்களும் தெரியும். எடை கல்லின் எடை.

பெரணி இலை போன்ற கருங்கோலம் பலரை ஏமாற்றும். நடு நரம்பு இல்லாமல், பாறையின் விரிசலை ஒட்டியே கிளைத்திருந்தால் அது மாங்கனீசு ஆக்சைடு படிவு, செடியல்ல.

சுத்தம் செய்ய உலர்ந்த மென்மையான பல்துலக்கியே போதும். வினிகர் வேண்டவே வேண்டாம், சுண்ணாம்பு ஓட்டையே அரித்துவிடும். களிப்பாறையைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஏடு ஏடாக உதிரும். எடுக்கும் முன் அளவுகோல் வைத்துப் படம் பிடித்து, இடத்தையும் எந்த அடுக்கு என்பதையும் எழுதி வையுங்கள். எடுக்க அனுமதி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.