ஹோண்டா சிபி750: இறுகிப்போன முன் பிரேக்கைச் சீர்செய்த அனுபவம்

1969ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஹோண்டா சிபி750 மோட்டார் சைக்கிளின் முன் காலிப்பரில் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேட்களால் இறுக்கிப் பிடிக்கும் பகுதி) ஒரே ஒரு பிஸ்டன்தான் உண்டு. என்னிடமுள்ள பழைய வண்டியில், லீவரை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கைப் பற்றிக்கொண்டே இருந்ததால் காலிப்பரைக் கழற்றினேன். காற்றழுத்தத்தால் பிஸ்டனை வெளியேற்றுவது விரலை நசுக்கிவிடக்கூடும் என்பதால், பிரேக் குழாயைப் பிரிக்காமல், லீவரையே மெதுவாக அழுத்தி ஆயிலின் அழுத்தத்தால் அதைத் தள்ளி எடுத்தேன்.

சிக்கலின் வேர் பிஸ்டனில் அன்று, அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான சீல் அமரும் பள்ளத்தில் இருந்தது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. அதை நெடுங்காலம் மாற்றாதபோது அலுமினியம் அரித்து, பள்ளத்தின் அடியில் வெண்பொடியாகப் படிந்து, சீலைப் பிஸ்டன்மீது நெருக்குகிறது. லீவரை விட்டதும் பிஸ்டனைப் பின்னிழுப்பது அந்தச் சீலின் நெகிழ்ச்சியே என்பதால், அது அசைய இடமில்லையெனில் பிரேக் விடுபடாது. புதிய சீல் வாங்கிப் போட்டும் பயனில்லை என்று வருந்துவோர் பள்ளத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். வளைந்த முனையுள்ள கருவியால், உலோகத்தில் கீறல் விழாதபடி, பளபளப்பு தெரியும்வரை சுரண்டினேன்.

புதிய சீலைப் புதிய பிரேக் ஆயிலில் நனைத்துப் பொருத்தினேன். பெட்ரோலிய கிரீஸ் அந்த ரப்பரை உப்பவைத்துவிடும். காலிப்பரைத் தாங்கும் கை திரும்பும் அச்சையும் துருநீக்கி, அங்கு மட்டும் கிரீஸ் இட்டேன். குழாயிலிருந்த காற்றை வெளியேற்றியபின், லீவரை விட்டதும் சக்கரம் தடையின்றிச் சுழன்றது.