ஓட்டம், எடை, ஓய்வு: மூன்றையும் ஒரே கணக்கில் வைப்பது எப்படி?

தருமபுரியில் அதிகாலை ஐந்து மணிக்கு எந்த மைதானத்தின் ஓரமாக நின்று பார்த்தாலும், காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகும் பிள்ளைகள் இருட்டோடு இருட்டாக ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள்ளும் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள்ளும் ஓடி முடிக்க வேண்டும். அதைத் தாண்டியவர்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் போன்ற வலிமைச் சோதனைகள் காத்திருக்கின்றன. ஆகவே காலையில் ஓட்டம், மாலையில் ஜிம் என்று இரண்டையும் செய்யாமல் இவர்களுக்கு வழியில்லை. ஆனால் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்பதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால், முடிந்த மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடுவது என்பதே பலருடைய திட்டமாக இருக்கிறது.

என்னுடைய திட்டமும் ஒரு காலத்தில் அதுவாகத்தான் இருந்தது. தினமும் காலையில் எட்டு கிலோமீட்டர் ஓட்டம், வாரத்தில் ஆறு நாள் மாலையில் எடைப்பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்ற பெயரில் கிருஷ்ணகிரிக் கோட்டை மலை ஏற்றம். நான்காவது வாரத்தில் 1500 மீட்டரை 6 நிமிடம் 5 விநாடியில் ஓடினேன். ஏழாவது வாரத்தில் அதே தூரத்திற்கு 6 நிமிடம் 32 விநாடி ஆனது. அதைச் சோம்பல் என்று எண்ணி, ஓட்டத்தை இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூட்டினேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு தூக்கம் வராது. வழக்கமாக இரண்டு உருண்டை களி சாப்பிடுகிறவனுக்குப் பாதி உருண்டைகூட இறங்கவில்லை. அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். பழைய வேகம் திரும்ப மூன்று மாதம் ஆயிற்று; அதற்குள் அந்த ஆண்டின் தேர்வு முடிந்துவிட்டது. இந்தக் கட்டுரை அதே தவறை வேறொருவர் செய்யாமல் இருப்பதற்காக எழுதப்படுகிறது.

முதலில் உடலுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். எடை தூக்கும்போது தசை வளர்வதில்லை. அது களைத்து, நுண்ணிய அளவில் சிதைகிறது. அதன் பிறகு ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரம் வரை, உணவும் தூக்கமும் கிடைத்தால், உடல் அந்தத் தசையை முன்பைவிடச் சற்று உறுதியாகக் கட்டிக்கொள்கிறது. இந்தக் கட்டுமானம் முடிவதற்குள் அடுத்த அடி விழுந்துகொண்டே இருந்தால் கணக்கு கடனில் முடியும். சில நாள் ஓய்வில் தீரும் களைப்பு பயிற்சியின் இயல்பான பகுதிதான். அதை அஞ்ச வேண்டியதில்லை. சில வாரங்கள் ஓய்ந்தும் தீராவிட்டால் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். பல மாதங்கள் இழுக்கும் நிலையைத்தான் மருத்துவர்கள் மிகைப்பயிற்சி நோய்நிலை என்கிறார்கள்.

ஓட்டமும் எடையும் ஒன்றையொன்று பாதிக்குமா என்ற கேள்விக்கு 1980-இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு விடை கண்டார். எடைப்பயிற்சி மட்டும் செய்தவர்கள், ஓட்டமும் மிதிவண்டியும் மட்டும் செய்தவர்கள், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் என்று மூன்று குழுக்களைப் பத்து வாரம் கவனித்தார். இரண்டையும் செய்தவர்களின் வலிமை ஏழாவது வாரம் வரை ஏறியது, பின்பு நின்றது, கடைசி இரண்டு வாரங்களில் இறங்கத் தொடங்கியது. பல ஆண்டுகள் கழித்து இதைப் படித்தபோது, என்னுடைய ஏழாவது வாரம் நினைவுக்கு வந்து மனம் கனத்தது. ஆனால் இதிலிருந்து ஓடினால் தசை கரைந்துவிடும் என்று முடிவு கட்டுவது தவறு. அவர்கள் வாரத்தில் ஐந்து நாள் எடையும் ஆறு நாள் கடுமையான ஓட்டமும் மிதிவண்டியும் செய்தவர்கள். அளவோடு சேர்த்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

அளவு என்பதை நம் ஊர் வாழ்க்கையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகள், நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மாம்பழக் காலத்தில் பழப்பெட்டி ஏற்றுகிறவர், பாலக்கோடு பக்கம் தக்காளிக் கூடை சுமக்கிறவர், கிரானைட் பட்டறையில் நிற்கிறவர், ஓசூர் சிப்காட்டில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே ஷிப்ட் பார்க்கிறவர் ஆகியோர் ஜிம்முக்குள் நுழையும்போதே பாதிப் பயிற்சியை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பளுத்தண்டின் எடை, மூட்டையின் எடை என்று முதுகெலும்பு பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குவது. ஒவ்வொரு நாளும் செய்த பயிற்சி எத்தனை நிமிடம், பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரையிலான அளவில் அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து எழுதி, இரண்டையும் பெருக்க வேண்டும். நாற்பது நிமிட எளிய ஓட்டம், கடினம் 3 என்றால் 120. ஐம்பது நிமிடக் கால் பயிற்சி, கடினம் 7 என்றால் 350. வார இறுதியில் கூட்டிப் பார்த்து, அந்த எண் முந்தைய வாரத்தைவிடத் திடீரென்று எகிறாமல் பார்த்துக்கொண்டால் போதும். உடலுழைப்பு மிகுந்த நாளுக்கு நான் எண் போடுவதில்லை. தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறேன். வட்டம் போட்ட நாளில் கடினப் பயிற்சி கிடையாது.

இனி வாரத்தை அமைக்கும் முறை. கடினமான நாளை முழுக்கக் கடினமாகவும், எளிய நாளை உண்மையாகவே எளிதாகவும் வைக்க வேண்டும். எல்லா நாளும் நடுத்தரமாக உழைப்பதுதான் மிகைப்பயிற்சிக்கு நேர்வழி. எடுத்துக்காட்டாக, திங்கட்கிழமை காலை நன்றாக உடலைச் சூடாக்கிக்கொண்டு 400 மீட்டர் வேக ஓட்டத்தை இடையிடையே ஓய்வு விட்டு ஐந்து முறை ஓடலாம். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விட்டு, அன்று மாலையே ஸ்குவாட் (எடையைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுதல்) உள்ளிட்ட கால் பயிற்சியைச் செய்யலாம். வேக ஓட்டத்தையும் கால் பயிற்சியையும் ஒரே நாளில் வைப்பது பார்வைக்குக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் அவற்றை அடுத்தடுத்த நாட்களில் வைத்தால் கால்களுக்கு ஓய்வு நாளே கிடைக்காமல் போய்விடும். செவ்வாய் அரை மணி நேர மெல்லோட்டம் மட்டும். புதன் மேலுடலுக்கான பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி எடையை மேலே தள்ளுதல்), புல்-அப்ஸ் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுத்தல்), கயிறு ஏறுதல். வியாழன் நடை அல்லது முழு ஓய்வு. வெள்ளி முழு உடலுக்கான எடைப்பயிற்சி, ஆனால் கால்களுக்கு இரண்டு செட்டுக்கு (இடைவிடாமல் சில முறை தூக்கும் ஒரு சுற்று ஒரு செட்) மேல் வேண்டாம். சனி ஐம்பது நிமிட நிதான ஓட்டம். ஞாயிறு ஒன்றும் இல்லை, மலையும் இல்லை. இரண்டையும் ஒரே வேளையில் முடித்தாக வேண்டிய நிலை என்றால், எதில் முன்னேற வேண்டுமோ அதை முதலில் செய்யலாம்.

மலையைப் பற்றித் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஏறும்போது மூச்சு வாங்குவதால் ஏற்றம்தான் கடினம் என்று நினைக்கிறோம். தொடைத் தசைகளை உண்மையில் பதம் பார்ப்பது இறக்கம். நீண்டுகொண்டே சுமை தாங்கும் தசை அதிகமாகச் சிதையும் என்பதால், ஞாயிறு இறங்கிய மலையின் வலி திங்களும் செவ்வாயும்தான் உச்சத்திற்கு வரும். கோட்டை மலைக்குச் செல்ல விரும்பினால் தாராளமாகச் செல்லலாம். அதைக் கால் பயிற்சி நாளாக எழுதிவிட்டு, அந்த வாரத்து ஸ்குவாட்டை விட்டுவிட வேண்டும்.

மெல்லோட்டம் என்றால் எவ்வளவு மெதுவாக என்று எல்லோரும் கேட்கிறார்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்று வீட்டில் நடந்த ஒரு செய்தியை முழு வாக்கியங்களாகச் சொல்லிக்கொண்டே ஓட முடிய வேண்டும்; இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது மெல்லோட்டம் அன்று. நண்பர்களோடு ஓடும்போது இது எளிதில் கெட்டுவிடும். ஒருவர் அரை அடி முன்னே போனால் கடைசி ஒரு கிலோமீட்டர் பந்தயமாகிவிடும். செவ்வாய்க்கிழமை ஓட்டத்தைத் தனியாக ஓடுமாறு நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதனால்தான். எடையிலும் இதே அடக்கம் தேவை. இன்னும் இரண்டு அல்லது மூன்று முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே செட்டை முடித்துவிட வேண்டும். ஒரே வாரத்தில் ஓட்டத் தூரத்தையும் எடையையும் சேர்த்துக் கூட்டக் கூடாது. நான்கைந்து வாரத்திற்கு ஒருமுறை, உடல் நன்றாக இருந்தாலும், செட்டுகளையும் தூரத்தையும் ஏறக்குறையப் பாதியாக்கிவிட வேண்டும். தசை விரைவில் பழகிவிடும். தசைநார்களுக்கும் எலும்புக்கும் அதைவிட நாள் பிடிக்கும் என்பதால் இந்த வாரம் அவற்றுக்கானது. தேர்வு எதற்கும் போகாமல் உடல்நலத்திற்காக மட்டும் பயிற்சி செய்பவருக்கு இவ்வளவும் தேவையில்லை. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாள் வலிமைப் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறிய அளவே நிறைவானது.

ஓய்வின் பெரும்பகுதி தூக்கம். ஏழு மணி நேரத்திற்குக் குறையக் கூடாது. ஓசூரில் நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு நேராக ஜிம்முக்குச் செல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அவர்கள் முதலில் வீட்டுக்குச் சென்று ஜன்னலை மூடித் தூங்கி, எழுந்து சாப்பிட்டு, மாலையில் ஷிப்டுக்கு முன் சுருக்கமாகப் பயிற்சி செய்வதே நல்லது. ஷிப்ட் மாறும் வாரத்தையே எளிய வாரமாக வைத்துக்கொள்ளலாம்.

உணவில் நம் மாவட்டங்களுக்குக் குறையில்லை. புரோட்டீன் கணக்குதான் பலருக்குத் தெரிவதில்லை. கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் போதுமானது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 96 கிராம். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 7 கிராம்தான் புரோட்டீன். அதில் சிறப்பாக இருப்பது 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கால்சியம். களியோடு கொள்ளுக் கடைசல் சேரும்போதுதான் அது பயிற்சி செய்பவருக்கான சாப்பாடாகிறது. ஐம்பது கிராம் கொள்ளு 11 கிராம் தரும். மூன்று முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, அரை லிட்டர் பால், ஒரு வேளை பருப்புச் சோறு ஆகியவற்றைச் சேர்த்தால் டப்பா பவுடர் வாங்காமலே தேவையை நெருங்கிவிடலாம். சித்திரை வெயிலில் ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். நீர்மோரில் உப்பு போட்டுக் குடிப்பது இன்னும் நல்லது.

தினமும் காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணி, நோட்டில் எழுதி வரவேண்டும். வழக்கமாக 58 இருப்பவருக்கு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 66 வந்தால், அன்றைய கடினப் பயிற்சியை மெல்லோட்டமாக மாற்றலாம். நாடி சரியாக இருந்தும், தூக்கம் கெடுதல், பசியின்மை, சிறு விஷயத்திற்கெல்லாம் எரிச்சல், அடிக்கடி சளி, அதே எடை கூடுதல் கனமாகத் தெரிதல் ஆகியவற்றில் மூன்று சேர்ந்து வந்தால் ஒரு வாரம் நிறுத்திவிட வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ பயிற்சிக்கு ஏற்ற உணவு உடலுக்குப் போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். இதை வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிதைந்த தசை சிறுநீரகத்தைக் கெடுக்கும் அபாயம் அது. நம் மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. அத்தகைய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்து வளர்ந்தவருக்கு முதுகும் மூட்டும் இறுகி வலித்து, ஓய்வெடுத்தும் குறையாவிட்டால், அதைப் பயிற்சி வலி என்று தள்ளிவிடாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்திய பிறகு திரும்ப வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. முதல் வாரம் மெல்லோட்டமும் பழைய எடையில் பாதியும் மட்டும். காலை நாடி பழைய எண்ணுக்குத் திரும்பி, இரவு முழுக்கத் தூக்கம் வந்து, தட்டில் இருக்கும் களி மறுபடியும் பசியோடு இறங்கத் தொடங்கிய பிறகு, முதலில் எடையையும் அதற்கடுத்த வாரம் வேக ஓட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.